வலிகாரர் இல்லாத பெண்

ஜமாஅத் தலைவர் இன்னும் வந்தபாடில்லை. பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார், பாலம் தாண்டிவிட்டார் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கலீல் ஹாஜியார் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்து ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாலம் தாண்டிய மனிதர் ஆற்றில் நீந்தி வந்திருந்தால்கூட இந்நேரம் சேர்ந்திருப்பார். அவர் வராமல் நிக்காஹைத் தொடங்கினால் மூக்குக்கு மேல் கோபம் வரும், அந்தக் கோபம் அடுத்த ரமலான் வரைக்கும் ஆறாது. மேடையில் விரித்த வெள்ளைத் துணியில் சம்மணமிட்டிருந்த ஹாமிது லெப்பை ஆலிம் வலது முழங்காலை மெல்ல நீட்டி மறுபடி மடக்கிக்கொண்டார். ஊர்க் காஜி அவர்தான். வெகு காலமாக இந்த ஊர் நிக்காஹ் எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் நடக்கிறது. சொல்ல வேண்டிய அரபி வாசகங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பின்னே இன்றைக்கு மட்டும் உள்ளங்கை ஏன் இப்படி வியர்க்கிறது? மின்விசிறி தலைக்கு மேலேதான் சுற்றுகிறது. பின்கட்டில் பிரியாணிக்குத் தம் போட்ட வாசனை வந்தது. என்றைக்கும் பசியைக் கிளப்புகிற வாசனை, இன்று கிளப்பவில்லை. ஜுப்பாப் பையில் போன் அதிர்ந்த மாதிரி இருந்தது. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். அதிரவில்லை. காலையிலிருந்தே இப்படித்தான், அதிராத போன் அதிர்கிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்த பக்கமே கண் போனது. மூன்றாவது வரிசை, தூண் ஓரம், பிளாஸ்டிக் நாற்காலி, சாம்பல் நிறக் கோட்டு. இந்த வெக்கையில் மண்டபத்திலேயே கோட்டு போட்டு வந்திருப்பவர் அவர் ஒருவர்தான். செலஸ்டின் மச்சாது, பெண்ணின் அப்பா. பெண் வீட்டிலிருந்து வந்திருப்பதும் அவர் ஒருவர்தான்.

தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாளாம், தம்பிமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம், கோயில் பக்கம் தலை காட்ட முடியவில்லையாம். இதையெல்லாம் அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. பஸ் கூட்டமாக இருந்தது என்று சொல்கிற குரலில் சொன்னார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், குரலை வீணாக உயர்த்தத் தெரியாது. வந்ததும் நேரே ஆலிமிடம்தான் வந்தார். "சாமி, நான் எங்க இருக்கணும்?" என்று கேட்டார். பாதிரியாரைச் சாமி என்று கூப்பிட்டுப் பழகிய வாய். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள், ஆலிமுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே வேண்டுமானாலும் இருங்கள் என்றார். "அப்படி இல்ல சாமி. என் வேலை என்னன்னு சொன்னியன்னா அதுக்குத் தக்கன இருப்பேன். எங்க கோயில்ல அப்பாதான் பொண்ணு கையப் புடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயி மாப்பிள்ளை கையில குடுக்கணும்." இங்கே பெண் மேடைக்கு வர மாட்டாள், மாடியில் பெண்கள் பக்கம் திரைக்கு உள்ளேதான் இருப்பாள் என்று ஆலிம் சொன்னார். மச்சாது மாடிப்படியைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "அப்ப நான் எதக் குடுக்கணும்?" என்றார். அதற்கு என்ன பதில் சொன்னோம் என்று ஆலிம் இப்போது யோசித்துப் பார்த்தார். உட்காருங்கள், டீ சாப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் ஓதிப் படித்து, ஒரு தகப்பனுக்குச் சொல்ல வாயில் வந்தது டீ. சாட்சிக் கையெழுத்தாவது போடட்டுமா என்று அவர் கேட்டபோதும், அதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பாதி உண்மையைச் சொல்லித் தப்பித்தார். அந்த இரண்டு பேரும் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற மீதிப் பாதியைச் சொல்லவில்லை. இனி மைக்கில் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பெண்ணை ஒப்புக்கொடுக்கும் உரிமையுள்ள ஆணுக்கு வலிகாரர் என்று பெயர். தகப்பன், அவர் இல்லாவிட்டால் பாட்டனார், அண்ணன் தம்பி, சிற்றப்பன் என்று அந்த உரிமை இறங்கும். இந்த ஊர் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹபில், அந்தச் சட்டநெறியில், வலிகாரர் இல்லாமல் நிக்காஹே இல்லை. முஸ்லிமான பெண்ணுக்கு முஸ்லிம் அல்லாதவர் வலிகாரராக முடியாது, பெற்ற தகப்பனே ஆனாலும் முடியாது. யாரும் இல்லாதவளுக்குக் காஜியே வலிகாரர். ஆகவே அவர் இன்று, இத்தனை பேர் முன்னால், வலிகாரர் இல்லாத இந்தப் பெண்ணை, என்று தொடங்க வேண்டும். அரபியில் மட்டும் சொல்வதென்றால் போகட்டும், மச்சாதுக்கு விளங்காது. தமிழிலும் சொல்ல வேண்டும் என்பது இந்த ஊர் வழமை. தமிழ் மச்சாதுக்கு நன்றாகவே விளங்கும்.

இதில் தன் மேல் என்ன தப்பு என்று அவர் தனக்குத் தானே வாதாடிப் பார்த்தார். ஹாஜியார் முதன்முதலில் விஷயத்தைக் கொண்டு வந்தபோது என்ன சொன்னார்? "ஆலிம்சா, பொண்ணு வேதக்காரங்க வீட்டுப் பொண்ணு. வேதம் குடுக்கப்பட்டவங்களக் கட்டலாம்னு அனுமதி இருக்குல்லா? அவ பாட்டுக்கு அவ கோயிலுக்குப் போவட்டும், இவன் பாட்டுக்கு இவன் பள்ளிக்கு வரட்டும்." நல்ல மனுஷர்தான், மகனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர். அனுமதி இருக்கிறது ஹாஜியாரே, ஆனால் நம் மத்ஹபில் அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது என்று இவர் விளக்கினார். அந்தப் பெண்ணின் முன்னோர், நபிகள் நாயகம் வருவதற்கு முன்னாலேயே அந்த வேதத்தில் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே மச்சாதை வரவழைத்தார்கள். உங்கள் முன்னோர் எப்போது வேதத்தில் சேர்ந்தார்கள் என்று கேட்டதும் அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சைப் பிசைகிறது. தன் குடும்பத்தின் பழமையைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் குலம் கோத்திரம் கேட்பது வழக்கம்தானே. "நாங்க நேத்து முந்தாநாள் சேந்தவங்க இல்ல சாமி. போர்ச்சுகீசுக்காரன் கப்பல்ல வந்த காலத்துலயே சேந்தாச்சு. ஐநூறு வருசம் ஆவப் போவுது!" என்று மார்தட்டாத குறையாகச் சொன்னார். ஐநூறு போதவில்லை. ஆயிரத்து நானூறு வேண்டும். பெருமையாகச் சொன்ன அந்த வார்த்தையே அவர் காலை வாரிவிட்டது, அது அவருக்குத் தெரியவும் தெரியாது. சரி, அவள் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வரட்டும் என்று முடிவானது. அவளே மனமொப்பித்தான் சொன்னாள், போன வெள்ளிக்கிழமை, இவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஜெனிட்டா ஜன்னத் ஆனாள். அதுவரைக்கும் அவள் கிறிஸ்தவப் பெண், அவள் அப்பா அவளுக்கு வலிகாரர். நம் சட்டக் கிதாபிலேயே அப்படித்தான் இருக்கிறது, கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கிறிஸ்தவத் தகப்பன் வலிகாரர். கலிமாவின் கடைசிச் சொல் அவள் வாயை விட்டு வந்த விநாடியில் அவளுக்கு ஒரு கதவு திறந்தது, அதே விநாடியில் அவருக்கு ஒன்று அடைபட்டது. அவர் அப்போது வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று மகளுக்குக் குடை பிடிக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு மத்ஹபான ஹனஃபிக்காரர்களின் பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே போயிருந்தால் ஐநூறு வருஷமா ஆயிரம் வருஷமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விரும்பத்தகாத காரியம்தான், ஆனாலும் செல்லும் என்று சொல்லியிருப்பார்கள். கலிமா சொல்லாமலே நிக்காஹ் நடந்திருக்கும், மச்சாது இந்தக் கோட்டோடு மேடை ஏறி உட்கார்ந்திருப்பார். அதைத் தான் ஏன் ஹாஜியாரிடம் சொல்லவில்லை? அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. கேட்டிருந்தால்? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. மத்ஹபு என்ன மளிகைக் கடையா, இங்கே விலை கூடினால் அடுத்த கடைக்குப் போவதற்கு? இது சரியான பதில். சரியான பதில் சொன்ன பிறகும் மனசு அடங்காமல் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து இடறுகிறதே, அதற்கு என்ன செய்வது? ஏனென்றால் இது மச்சாது விஷயம் மட்டும் இல்லை, அது அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் மச்சாதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பையில் போன் கனத்தது. மர்ஜானா. பெங்களூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒரே மகள். நேற்று அந்தியில் மக்ரிபு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது கூப்பிட்டாள். "வாப்பா, ஒரு மஸ்அலா கேக்கணும். என் ஃப்ரெண்டுக்காக." தோழிக்காக! இத்தனை வருஷத்தில் மஸ்அலா என்று மார்க்கச் சட்டம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் தோழனுக்காகத்தான் வந்திருக்கிறார்கள். கோபத்தில் மூன்று தலாக் சொல்லிவிட்ட தோழன், வட்டிக்கு வாங்கிவிட்ட தோழன். தோழனுக்காகக் கேட்டவன் கண்கள் மட்டும் அழுது வீங்கியிருக்கும். தோழன் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்று அவருக்குத் தெரியும், தெரியாதது போலவே பதில் சொல்வார், அது ஒரு மரியாதை. மகளிடமும் அப்படித்தான் சொன்னார். வேறு எப்படிச் சொல்வது?

முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத பையனைக் கட்டலாமா என்று கேட்டாள். கூடாது, அதில் எந்த மத்ஹபுக்கும் கருத்து வேற்றுமை கிடையாது என்றார். பையன் கலிமா சொன்னால்? சொன்னால் கட்டலாம். கல்யாணத்துக்காக மட்டும் சொன்னால்? "நாம காதால கேக்கத வச்சுத்தான் தீர்ப்பும்மா. உள்ளத்துல இருக்கது அல்லாஹ்வுக்கு." அதற்கு அவள் சட்டென்று, "அப்படிப் பொய்யா அவன் சொல்ல மாட்டேங்கான் வாப்பா" என்றாள். கொஞ்சம் விட்டு, "அப்படின்னு அவ சொல்லுதா" என்று சேர்த்துக்கொண்டாள். அந்தக் கொஞ்சம் விட்ட இடத்தில்தான் நேற்றிலிருந்து இவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். பொய்யாகச் சொல்ல மாட்டேன் என்கிறானாம். அப்படியானால் நல்ல பையன்தான் போலிருக்கிறது என்று ஒரு நினைப்பு கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது, அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று மன்னிப்புக் கேட்டு அதை எழுப்பி வெளியே அனுப்பினார். பிறகு ரெஜிஸ்டர் கல்யாணம் பற்றிக் கேட்டாள். நாட்டுச் சட்டத்தில் செல்லும், நம் சட்டத்தில் அது நிக்காஹ் இல்லை என்றார். எவ்வளவு தெளிவாகச் சொன்னார்! மதரஸாவில் மாணவனுக்குச் சொல்வதைப் போல, ஒரு தடுமாற்றம் இல்லாமல். கடைசியாக அவள், "அவ வாப்பா அவகூடப் பேசுவாரா, வாப்பா?" என்று கேட்டாள். "அது மஸ்அலா இல்லம்மா. அதுக்குக் கிதாபுல பதில் கிடையாது" என்றார். சரி வாப்பா, அவகிட்டச் சொல்லிருதேன் என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. வழக்கமாக சுபுஹு தொழுதாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று காலையில் ஒரு செய்தி அனுப்புவாள், இன்று அதுவும் இல்லை. இவர் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன கேட்பது? யாரு அந்தத் தோழி என்று கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் வராது, சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு அவளே வந்து நிற்பாள். சொல்லிவிட்டாள் என்றால் அப்புறம் இவர் ஏதாவது செய்தாக வேண்டும். ஊர்க் காஜி செய்ய வேண்டியது என்ன என்று ஊருக்கே தெரியும். பயமாக இருந்தது. பட்டப்பகலில், கல்யாண மண்டபத்தில், பிரியாணி வாசனைக்கு நடுவில், ஹாமிது லெப்பை ஆலிமுக்குப் பச்சையாகப் பயமாக இருந்தது. மச்சாது தூண் ஓரத்தில் கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். இந்த மனிதர் எப்படி வந்தார்? எல்லாம் போன பிறகும் எப்படி இஸ்திரி போட்ட கோட்டோடு பஸ் ஏறினார்?

தலைவர் வந்துவிட்டார், வந்துவிட்டார் என்று வாசலில் சலசலப்பு. நல்லவேளை. இனி யோசிக்க நேரமில்லை, வேலை இருக்கிறது. ஆலிம் எழுந்தார், முழங்கால் மளுக்கென்றது, சாட்சிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் நின்று வழக்கமான வாசகத்தைச் சொன்னார்: கலீல் ஹாஜியார் மகன் முஹ்ஸினுக்கு உங்களை நிக்காஹ் செய்து கொடுக்க, உங்களுக்கு வலிகாரராக இருக்கும் எனக்குச் சம்மதம் தருகிறீர்களா? எல்லாப் பெண்களும் இந்த இடத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு, உம் என்றோ, சம்மதம் என்றோ சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. சொல்லும்மா, என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "ஆலிம்சா" என்று அந்தப் பெண்ணின் குரல் வந்தது, புதிதாகக் கற்றுக்கொண்ட சொல்லைக் கவனமாக உச்சரித்தது. "எங்க அப்பாகிட்டக் கேட்டியளா?" மார்க்கச் சட்டப்படி அவரிடம் கேட்க வேண்டியதில்லையம்மா என்று ஆலிம் தணிந்த குரலில் சொன்னார். "தெரியும். நீங்கதான் சொல்லித் தந்திய. ஆனா எங்கிட்டக் கேட்டுத்தானே ஆவணும்?" "ஆமா." "அவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் நான் சொல்லுதேன்." சாட்சிகளில் ஒருவர் தலைவர் காத்திருக்கிறார் என்று காதைக் கடித்தார். ஆலிம் திரும்பிப் படி இறங்கினார். வயதுக்கு வந்த பெண்ணின் சம்மதத்தைக் கேட்கச் சொல்லி இவர் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறார். அந்த ஒரு சொல் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒருத்தி அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

மேடை பக்கம் போகாமல் ஆலிம் மூன்றாவது வரிசைக்குப் போனதும் மண்டபம் பேச்சை நிறுத்திவிட்டது. மச்சாது பதறி எழுந்தார். "என்ன சாமி, நான் இங்க இருக்கக் கூடாதா?" இருங்கள், இருங்கள் என்று தோளைத் தொட்டு உட்கார வைத்து, ஆலிமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உங்கள் மகள் உங்களிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னாள் என்றார். மச்சாதுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "எங்கிட்டக் கேக்கணும்னு உங்க சட்டத்துல இருக்கா?" என்றார். "இல்ல." அந்த ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து தவித்தது இதற்குத்தானா? இவ்வளவு சுருக்கமாக வந்துவிட்டது. "நான் சொல்லுதது எங்கயும் எழுதிக்கிடுவியளா?" "எழுத எடம் இல்ல." மச்சாது கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். எழுந்து போய்விடுவார் என்று ஆலிம் நினைத்தார். போனால் அந்தப் பெண் சம்மதம் சொல்ல மாட்டாள், நிக்காஹ் நின்றுபோகும், நிற்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மச்சாது நிமிர்ந்தார். "சரி, கேளுங்க சாமி. முறையாக் கேளுங்க." முறை! இதற்கு எந்த முறை? பெண்ணிடம் கேட்கும் வாசகம் தெரியும், மாப்பிள்ளையிடம் கேட்கும் வாசகம் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாமிது லெப்பை ஆலிம் மனப்பாடம் இல்லாத ஒன்றைச் சொன்னார். "உங்க மக ஜெனிட்டாவ, கலீல் ஹாஜியார் மகன் முஹ்ஸினுக்குக் குடுக்க, உங்களுக்குச் சம்மதமா?" பழைய பெயரைச் சொல்லிவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்த அவருக்கு மனம் வரவில்லை. மச்சாதின் கண் நிறைந்துவிட்டது. "குடுத்தேன்" என்றார். குடுக்கிறேன் இல்லை, குடுப்பேன் இல்லை. வலிகாரர்கள் சொல்ல வேண்டிய சொல்லும் நடந்து முடிந்ததாகத்தான் இருக்க வேண்டும், கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அதைச் சொல்லிவிட்டார். சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு எந்த எடையும் இல்லை. ஆலிமுக்கு அதைச் சுமந்துகொண்டு மாடி ஏறுவது கஷ்டமாக இருந்தது.

திரைக்குப் பின்னால் அவள் சம்மதம் என்று உரக்கச் சொன்னாள். கீழே வந்து குத்பா ஓதி, முஹ்ஸினின் கையைப் பிடித்துக்கொண்டு, அரபி வாசகத்தை எழுத்துப் பிசகாமல் சொல்லி, தமிழுக்கு வந்தார். மைக் ஒருமுறை கீச்சிட்டது. மார்க்கச் சட்டப்படி வலிகாரர் இல்லாத இந்தப் பெண்ணை, என்று தொடங்கியவர் அங்கே நின்றார். தூண் ஓரம் சாம்பல் கோட்டு அசையாமல் இருந்தது. "தகப்பனார் செலஸ்டின் மச்சாது அவர்கள் மனமொப்பிக் கொடுத்திருக்க" என்று சேர்த்துக்கொண்டு, "காஜியாகிய நான் வலிகாரராக இருந்து உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்று முடித்தார். தலைவர் சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்தார். இந்தச் சேர்மானம் எங்கிருந்து வந்தது என்று நாளைக்குப் பள்ளியில் விசாரணை இருக்கும், இருக்கட்டும். நிக்காஹுக்கு ஒரு குறையும் இல்லை, தேவையில்லாத நாலு வார்த்தை கூடுதல், அவ்வளவுதான். முஹ்ஸின் ஏற்றுக்கொண்டேன் என்றான். துஆ ஓதியாயிற்று, பேரீச்சம்பழம் தட்டுத் தட்டாகப் போனது, ஹாஜியார் எல்லாரையும் கட்டிப்பிடித்தார், கடைசியில் மச்சாதையும் கட்டிப்பிடித்து, அந்தக் கோட்டு கசங்கும்படி இறுக்கினார்.

ஆலிம் செருப்பு கிடக்கும் வாசல் பக்கம் வந்து நின்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், இதோ வருகிறேன் என்றார். வெயிலில் கண் கூசியது. போனை எடுத்து, இன்னும் ஒன்றும் நடந்துவிடவில்லை, மகளிடம் பேசுவதற்கு என்ன பயம் என்று தன்னையே கடிந்துகொண்டார். நடந்துவிட்டால்? கருத்து வேற்றுமை இல்லாத விஷயம் அது. இன்றைக்கும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான், ஹாமிது லெப்பையின் மகள் என்பதற்காக ஒரு எழுத்து மாறாது. அதை மாற்ற அவருக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஒரே ஒரு கேள்விக்குத்தான் கிதாபில் பதில் இல்லை, அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லலாம். மகளைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது. "வாப்பா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயம் தன்னுடையதைப் போலவே இருந்ததை அவர் உணர்ந்தார்.

"நேத்து உன் ஃப்ரெண்டுக்காகக் கேட்டியேம்மா. கடைசியா ஒண்ணு கேட்ட. நான் பதில் சொல்லல."

அவர் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பேசுவாரு. அவகிட்டச் சொல்லிரு, அவ வாப்பா பேசுவாரு."

மர்ஜானா அழுகிறாள் என்பது தெரிந்தது, தோழிக்காக யாரும் இப்படி அழ மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. உள்ளே மச்சாதுக்கு யாரோ இலை போட்டு, சாமி சாமி என்று அவரையே கூப்பிட்டுக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். ஹாமிது லெப்பை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.